கோளும் ஊழும் கூத்தன் அருளும்

(நசரத்பேட்டைத் திருவிழாப் பந்தலில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



விழாக் குழுவினர் இன்றைக்கு எமக்குத் தந்த பொருள் "கோள்களும் சைவமும்" என்பது. சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில், பூவிருந்தவல்லியை அடுத்து அமைந்த இந்நசரத்பேட்டைக்கு இஃது மிகவும் பொருந்தும். நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களில் ஒன்பது கோள்களுக்கும் உரியனவாக ஒன்பது சிவாலயங்கள் போற்றப்படுகின்றன. கொளப்பாக்கத்து அகத்தீசுவரர் கோயில் ஞாயிற்றுக்கும், சோமங்கலத்துச் சோமநாதீசுவரர் கோயில் திங்களுக்கும், பூவிருந்தவல்லி வைத்தீசுவரர் கோயில் செவ்வாய்க்கும், கோவூர்ச் சுந்தரேசுவரர் கோயில் புதனுக்கும், போரூர் இராமநாதீசுவரர் கோயில் வியாழனுக்கும், மாங்காட்டு வெள்ளீசுவரர் கோயில் வெள்ளிக்கும், பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயில் சனிக்கும், குன்றத்தூர்த் திருநாகேசுவரம் இராகுவுக்கும், கெருகம்பாக்கத்து நீலகண்டேசுவரர் கோயில் கேதுவுக்கும் உரியன. வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு ஒரே பகலில் ஒன்பதையும் வலம் வரும் அன்பர்கள் பலர். இவற்றுள் கோவூர், தியாகராச சுவாமிகள் வந்து ஐந்து கீர்த்தனைகள் அருளிய பெருமையும் உடையது.

இவ்வொன்பதிலும் மூலத்தானத்தில் எழுந்தருளியிருப்பவர் யாவர்? சிவபெருமானே. கோள் அங்கே வழிபடும் அடியவனாக நிற்கிறது. செவ்வாய் தன் நோய் தீர வைத்தியநாதனை வணங்கினான் என்பதே புள்ளிருக்குவேளூர்ப் புராணம். நோய் தீர்த்துக்கொள்ள வந்தவனையே நாம் நோய் தருபவன் என்று அஞ்சி நடுங்குகிறோம்! திருவாரூரில் நவகோள்களும் வக்கிரம் நீங்கி ஒரே வரிசையில் நின்று பெருமானை நோக்கியிருத்தலைக் கண்டிருப்பீர்கள். அந்த நிலையே சைவம் கோள்களுக்கு அளித்த இடம்.

ஆயின் சோதிட நூல் பொய்யோ என்று வினவுவீராயின், யாம் அவ்வாறு கூறோம். நம் ஆன்றோர் அதனைக் கற்றிருந்தனர். இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், ஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருவவதாரத்தைக் கூறும்போது, ஞாயிறு முதலிய கோள்களெல்லாம் உச்சங்களில் வலிமையுடன் நிற்ப, ஆதிரை நாளில் அவதரித்தார் என்று பாடுகிறார். இங்கே கணிதம் கற்றவர் ஒரு நுட்பத்தைக் காண்பர். ஞாயிறு உச்சம் பெறுவது மேடத்தில். புதன் உச்சம் பெறுவது கன்னியில். புதனோ ஞாயிற்றை விட்டு ஏறக்குறைய 28 பாகைக்கு மேல் என்றும் விலகுவதில்லை. ஆகவே இவ்விரண்டும் ஒருங்கே உச்சம் பெறுதல் வானத்தில் நிகழாது. திங்களின் உச்சமோ இடபத்தில். திருவாதிரை இருப்பது மிதுனத்தில். இவ்வளவும் அறியாத புலவர் அல்லர் சேக்கிழார். சோழப் பேரரசின் அமைச்சர். பிள்ளையாரின் அவதாரத்துக்கு வானமே ஏவல் செய்து நின்றது என்னும் கருத்தையே அவ்வாறு பாடினார் என்று கொள்ளல் வேண்டும். இதனை ஏன் விரித்தோம் எனின், "உங்கள் மகனுக்கு எல்லாக் கிரகமும் உச்சம்" என்று எவரேனும் கூறிப் பணம் கேட்பாராயின், வானத்தில் நடவாததை அவர் கூறுகிறார் என்று நீங்கள் உடனே அறிந்துகொள்ளலாம்.

இனி, சாதகம் என்பது யாது? அது வினையின் படி. கணக்கின் ஒரு நகல். சித்தாந்தம் வினையை மூவகையாகக் கூறும். பல பிறவிகளிற் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவிக்கென முகந்துகொண்டது பிராரத்தம். அதனை நுகரும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். சாதகம் காட்டுவது இம்மூன்றனுள் பிராரத்தம் ஒன்றையே. சஞ்சிதத்தை அது காட்டாது. ஆகாமியத்தையோ அது அறியவே அறியாது, நாளை நீங்கள் செய்யப்போகும் செயலை எழுதிவைக்கக் கட்டத்தில் இடமில்லை. அன்றியும் வினை சடம். தானே அறிந்து, செய்தவனைத் தேடிச் சென்று பற்றும் ஆற்றல் அதற்கில்லை. கோள்களின் அதிதேவர்களோ நம்மைப்போல் உயிர்கள். பதவி பெற்ற உயிர்கள். வினையை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. கடிகாரம் ஆறு காட்டுவதனால் பொழுது விடிவதில்லை. பொழுது விடிந்ததை அது காட்டுகிறது. தபாற்காரர் கொணர்ந்த கடிதத்தில் துயரச் செய்தி இருந்தால் தபாற்காரரை யாரும் அடிப்பதில்லை.

இக்கருத்தை மனத்துட்கொண்டு, இப்பகுதித் தாய்மார்களைப் பெரிதும் வருத்தும் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அதுவே செவ்வாய் தோடம்.

இலக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருப்பின் தோடம் என்பர். நன்று. பன்னிரண்டு இடத்தில் ஐந்து இடம் தோடமாயின் நூற்றில் ஏறக்குறைய 42 பேருக்குத் தோடம் உண்டு. வேறு வகையாகச் சொல்வோம். ஓர் இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்பது. செவ்வாய் எந்த இராசியில் இருந்தாலும், ஒவ்வொரு நாளும் ஐந்து இலக்கினங்களில், அதாவது ஏறக்குறைய பத்து மணி நேரத்துள், பிறக்கும் குழந்தைகள் அனைத்துக்கும் இத்தோடம் அமையும். இதனோடு நில்லாமல் சந்திரனிலிருந்தும் எண்ணுக, சுக்கிரனிலிருந்தும் எண்ணுக என்று கூறுவோர் உளர். மூன்றையும் கூட்டி எண்ணினால், நூற்றில் ஏறத்தாழ எண்பது பேர் தோடமுடையவராகி விடுவர். ஐவரில் நால்வருக்கு உள்ள ஒன்றைக் குறை என்று கூறுவது எங்ஙனம்? பிறகு குறையில்லாத அந்த ஒருவரையன்றோ தேடிப் பிடித்துப் பரிகாரம் செய்விக்க வேண்டும்!

நூல்கள் இவ்வளவு கண்மூடித்தனமாக விதிக்கவில்லை. விதியை ஓதிய நூலே விலக்கையும் ஓதியது. மிதுனமோ கன்னியோ இரண்டாம் இடமாகி அங்கே செவ்வாய் நின்றால் தோடமில்லை. நான்காமிடம் மேடம் அல்லது விருச்சிகம் ஆயின் இல்லை. ஏழாமிடம் கடகம் அல்லது மகரம் ஆயின் இல்லை. எட்டாமிடம் தனுசு அல்லது மீனம் ஆயின் இல்லை. பன்னிரண்டாமிடம் இடபம் அல்லது துலாம் ஆயின் இல்லை. கடக இலக்கினத்தார்க்குச் செவ்வாய் ஐந்துக்கும் பத்துக்கும் உடையவன். சிங்க இலக்கினத்தார்க்கு நான்குக்கும் ஒன்பதுக்கும் உடையவன். கேந்திரமும் திரிகோணமும் ஒருவன் கையில் வந்தமையால் இவ்விரு இலக்கினத்தார்க்கும் அவன் யோககாரகன், நன்மை செய்பவன். குருவின் பார்வை பெற்ற செவ்வாயும் தோடம் குன்றியவன். இவ்விலக்குகளைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வது, மருந்தின் பெயரைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவது போலாகும்.

முன்னாள் மாலை ஒரு தாயார் மகளை உடன் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். மகள் முப்பது அகவை கடந்தவர். "சாமி, எட்டுல செவ்வாயாம். மாங்கல்யத்துக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. ஏழு வருசமா வர்ற வரன் எல்லாம் சாதகத்தைக் கேட்ட உடனே போயிடுது" என்றார். ஒரு சோதிடர் கூறிய பரிகாரங்களுக்காகக் காதில் இருந்த தோட்டையும் விற்றிருக்கிறார். மகள் ஒரு சொல்லும் பேசவில்லை. தரையைப் பார்த்து நின்றார். சாதகத்தை வாங்கிப் பார்த்தோம். இடப இலக்கினம். எட்டாமிடம் தனுசு. அங்கே செவ்வாய். மிதுனத்தில் நின்று ஏழாம் பார்வையாகத் தனுசை நோக்குபவர், அவ்வீட்டுக்கே உடையவராகிய குரு. சற்று முன் யாம் கூறிய விலக்குகளில் இரண்டு அங்கே ஒருங்கே இருந்தன! ஏழாண்டுகளாக அக்குடும்பத்துக்கு எவரும் இராசியின் பெயரைக் கேட்டதில்லை. "எட்டு" என்ற எண்ணை மட்டுமே கேட்டார்கள். "அம்மா, நூல் விதிப்படியே இந்தப் பெண்ணுக்குத் தோடம் இல்லை, இனி இந்தப் பேச்சை எவரிடமும் எடுக்க வேண்டா" என்றோம். அப்பொழுதுதான் அப்பெண் நிமிர்ந்து, "இதை எழுதித் தருவீங்களா, ஐயா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தோம். விலக்கு இல்லாத சாதகமாக இருந்திருப்பின் யாம் என்ன கூறியிருப்போம் என்று நீங்கள் கேட்கலாம். அதனையும் சொல்வோம், சற்றுப் பொறுமின்.

அதற்கு முன் பிறந்த நேரம் பற்றிச் சில சொற்கள். சாதகத்தின் உயிர் நேரம். இலக்கினம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. நவாம்சத்தில் இலக்கினம் பதின்மூன்று நிமிடத்துக்குள் மாறிவிடும். மருத்துவமனையில் குறித்த நேரம் குழந்தை வெளிப்பட்ட நேரமோ, அழுத நேரமோ, கொடி அறுத்த நேரமோ, செவிலியர் கை கழுவி வந்து கடிகாரம் பார்த்த நேரமோ, யார் அறிவார்? திசை இருப்பும் அவ்வாறே. விம்சோத்தரி என்னும் 120 ஆண்டுக் கணக்கு, கேதுவுக்கு 7, சுக்கிரனுக்கு 20, ஞாயிற்றுக்கு 6, திங்களுக்கு 10, செவ்வாய்க்கு 7, இராகுவுக்கு 18, குருவுக்கு 16, சனிக்கு 19, புதனுக்கு 17 என்று பகுக்கப்பட்டது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். சுக்கிர திசையிற் பிறந்த குழந்தைக்கு அந்த ஒரு நாளே இருபது ஆண்டுகளாக விரிகிறது. ஆகவே நேரத்தில் ஒரு நிமிடம் பிழைத்தால் திசை இருப்பில் ஐந்து நாள் பிழைக்கும். ஒரு மணி பிழைத்தால் பத்து மாதம் பிழைக்கும்.

ஒரு மணி எங்ஙனம் பிழைக்கும் என்று நகைக்க வேண்டா. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, உலகப் போரை முன்னிட்டு நாடு முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்துப் பிறந்தவர்கள் இன்று எண்பது கடந்தவர்கள், சதாபிடேகம் கண்டவர்கள். பாட்டனார் குறிப்பேட்டிலுள்ள மணியை அப்படியே கணினியில் இட்டுப் பேரப்பிள்ளைகள் சாதகம் எடுக்கிறார்கள். இலக்கினம் பாதி இராசி நகர்ந்துவிடும்! இதுவன்றி, நாட்டுப் பொது நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டுக்கு உரியது. சென்னையோ 80¼ பாகையில் உள்ளது. இங்குள்ள உண்மை நேரம் ஒன்பது நிமிடம் பின்தங்கியது. இதனைக் கழித்தவரா நம் சோதிடர் என்று கேட்டறிவது பிழையன்று. வைத்தியரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லையா?

இனிக் கோளறு பதிகத்துக்கு வருவோம். திருமறைக்காட்டில் அப்பரும் சம்பந்தரும் எழுந்தருளியிருந்தபோது, மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய அழைப்பு வந்தது. பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட்டார். அப்பர் தடுத்தார், பகைவர் வஞ்சனையை அஞ்சினார், கோள்நிலையும் நன்றன்று என்றார். அதற்கு விடையாக எழுந்ததே அப்பதிகம். அதன் முதற்பாட்டு ஒன்பது கோள்களையும் கூறுவதை நீங்கள் நாள்தோறும் ஓதுகிறீர்கள். இரண்டாம் பாட்டில் சில எண்கள் வருவதைப் பலர் பொருள் அறியாமலே ஓதுகின்றனர். அவற்றைக் கார்த்திகை முதலாக எண்ணி, வழிநடைக்கு ஆகாத நாள்மீன்கள் என்று உரை கூறுவோர் உளர். ஒன்று கார்த்திகை; ஏழு ஆயிலியம்; ஒன்பது பூரம்; பதினெட்டு பூராடம்; அதிலிருந்து ஆறு பூரட்டாதி. அசுவினியை விட்டுக் கார்த்திகையிலிருந்து எண்ணுவது ஏன் என்று ஐயுற வேண்டா. வேதத்து நட்சத்திர வரிசை கார்த்திகையை முதலாக உடையது. விம்சோத்தரித் திசையும் ஞாயிற்றைக் கார்த்திகையில் வைத்தே எண்ணப்படுகிறது. பிள்ளையார் சோதிடத்தை அறியாமல் மறுக்கவில்லை. அறிந்து, பெயரும் எண்ணும் கூறி, அவை அடியார்க்கு நல்லனவே ஆகுக என்றார்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது வேறொன்று. அப்பர் பெருமான் கணித்தது தவறிற்றா? தவறவில்லை! பிள்ளையார் மதுரையில் தங்கிய திருமடத்துக்கு அன்றிரவே தீ வைக்கப்பட்டது. கோள் காட்டிய தீங்கு உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. வந்தது, ஆனால் தீண்டவில்லை. அத்தீ மெல்லச் சென்று பாண்டியனைச் சாருமாறு பிள்ளையார் பணித்தார். மன்னனுக்கு வெப்பு நோயாயிற்று. திருநீற்றினால் அது தீர்ந்தது. கூனும் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறனானான். தீயே ஒரு நாட்டின் சமயம் திரும்புதற்கு வாயிலாயிற்று. அப்பர் பெருமானையும் கல்லிற் கட்டிக் கடலில் இட்டனர், இடுதல் நின்றதா? இல்லை. கல் மிதந்தது. பிராரத்தம் வரும், அடியவனிடத்து அது வரும் முகம் வேறு.

இனி, பொறுமின் என்றோமே, அதற்கு விடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்னும் வேளாண் செல்வர் மகப்பேறின்றி வருந்தினார். தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் சென்றார். பண்டிதர் சகல ஆகமங்களும் சோதிடமும் வல்லவர். ஆயினும் அவர் சாதகக் கட்டத்தை விரிக்கவில்லை. தேவாரத் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவார்க்கு மகப்பேறு வாய்க்கும் என்ற கருத்துடைய ஞானசம்பந்தர் பாட்டு வந்தது. களப்பாளர் மனைவியாருடன் வெண்காடு சென்று, நாளும் நீராடி வழிபட்டார். ஓரிரவு பெருமான் கனவில் தோன்றி, "இப்பிறப்பில் உனக்கு மகப்பேறு இல்லை" என்றார். கேட்டீர்களா? சோதிடர் கூறவில்லை, ஊழை வகுத்தவனே கூறுகிறான். களப்பாளர் அழவில்லை, வழக்கும் தொடுக்கவில்லை. "ஞானசம்பந்தப் பிள்ளையார் வாக்கை நம்பி வந்தேன்; வினையாவது அவர் வாக்குக்கு மேற்பட்டதோ?" என்னும் உறுதியில் நின்றார். அந்த உறுதிக்காகவே பெருமான் இரங்கினான். பிறந்த குழந்தை சுவேதவனப் பெருமாள். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார்!

இதில் இன்னும் ஒரு நயம் உண்டு. அந்தச் சகலாகம பண்டிதரே பின்னர்த் தம் சீடன் மகனாகிய அக்குழந்தையின் திருவடியில் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியார் ஆனார். சிவஞான சித்தியார் இயற்றினார். ஆக்கம், கேடு, சுகம், நோய், முதுமை, இறப்பு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று அந்நூலில் விதித்தவர் அவரே. இல்லை என்று விதிக்கப்பட்ட மகப்பேற்றுக்குக் கயிறு சாத்தியவரும் அவரே. இரண்டுக்கும் முரண் இல்லை. ஊழை முழுதும் உணர்ந்தவரே அருளை முழுதும் நம்பினார். முக்குளத்தில் மூழ்கிய எல்லோர்க்கும் மகவு பிறக்கும் என்று யாம் வாக்களிக்கவில்லை. நீராடச் சென்றவர் பலர், களப்பாளர் ஒருவர். ஆயினும் கட்டத்தைக் காட்டி, "இந்தப் பெண் வாழமாட்டாள்" என்று தீர்ப்பு எழுதும் உரிமை மனிதர் எவருக்கும் இல்லை. விலக்கு இல்லாத சாதகத்துடன் ஒரு பெண் வந்திருந்தாலும், பூவிருந்தவல்லி வைத்தீசுவரர் திருமுன் தையல்நாயகிக்கு ஒரு விளக்கு ஏற்றுக. கோளறு பதிகம் ஓதுக. வரும் வரனின் குணமும் தொழிலும் விசாரித்து மணம் முடிக்க என்றே கூறியிருப்போம். தோட்டை விற்கச் சொல்லியிருக்க மாட்டோம்.

இப்பொழுது ஓர் அன்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதி சொல்கிறார்களே, எது மெய்?" என்று கேட்கிறார். நல்ல வினா. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டு உண்டு. முன்னையது வரருசி வகுத்ததாகக் கூறப்படும் சந்திர வாக்கியங்கள் போன்றவற்றால் கணிப்பது. சந்திரன் பூமிக்கு அணித்தாய் வந்து மீண்டும் அணித்தாய் வர ஏறக்குறைய 27½ நாள். ஒன்பது முறை வர 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். எழுத்தே எண்ணாக அமைந்த அந்த நினைவுக் கலை வியக்கத்தக்கது. பின்னையது வானத்திற் காணும் நிலையோடு ஒத்திருக்கத் திருத்திக் கணிப்பது. நம் சென்னை வானாய்வுக் கூடத்திற் பணியாற்றி 1880இல் மறைந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் இத்திருத்தத்துக்காக வாதாடியவர். 2023இல் திருக்கணிதப்படி ஜனவரி 17ஆம் நாள் சனி கும்பம் புகுந்தார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் டிசம்பர் 20ஆம் நாள்தான் பெயர்ச்சி விழா நடந்தது. பதினொரு மாத வேறுபாடு! எம் கருத்து இதுவே: விழாவுக்கும் விரதத்துக்கும் கோயில் கொண்ட பஞ்சாங்கமே நமக்குப் பிரமாணம், சாதகம் கணிப்பதற்குத் திருக்கணிதமே தகும். ஒன்றில் இலக்கினமும் மற்றொன்றில் பெயர்ச்சியும் எடுத்துக் கலப்பது ஆகாது. ஏழரைச் சனி என்று கலங்குவோரும் ஒன்று எண்ணிப் பார்க்க. சந்திரன் நின்ற இராசிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டும், அதுவுமாக மூன்று இராசி. ஆதலின் எந்த நாளிலும் நால்வரில் ஒருவருக்கு ஏழரை நடக்கிறது. இப்பந்தலில் நானூறு பேர் இருப்பின் நூறு பேர் அதில் இருக்கிறார்கள். எல்லாரும் நலமாகவே சுண்டலுக்குக் காத்திருக்கிறீர்கள்!

தீபாராதனைக்கு மணி ஒலிக்கிறது. நாளைய சொற்பொழிவு சரியாக ஆறரை மணிக்குத் தொடங்கும். பொருள், மாங்காட்டில் சுக்கிரன் வழிபட்ட வரலாறு.

திருச்சிற்றம்பலம்